டெமோ அக்கா

பல்கலைக்கழக வாசலில் பார்வையற்றவர்களுக்கென்று ஒரு வளாக வரைபடம் இருக்கிறது. கட்டடங்கள் எல்லாம் மேடாக, பெயர்கள் எல்லாம் பிரெய்ல் புள்ளிகளாக, நிறையச் செலவு செய்து வரவழைத்தது. தூசி படிந்துவிடக் கூடாது என்று அதன்மேல் கண்ணாடி போட்டு நான்கு மூலையிலும் திருகாணி வைத்து முடுக்கியிருக்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அவள் அந்தக் கண்ணாடியை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கணினி மைய இயக்குநர், "எப்படிம்மா இருக்கு?" என்று அவள் காதருகே கத்தினார். கண் தெரியாதவர்களுக்குக் காதும் மந்தமாகத்தான் இருக்கும் என்பது அவருடைய முடிவு. அதை மாற்றிக்கொள்ளும்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"வழவழன்னு இருக்கு சார்."

"குவாலிட்டி," என்றார் அவர், மனம் குளிர்ந்து.

இங்கே காலம் தள்ளப் படிப்பு வேண்டாம், சிரிப்பை அடக்கத் தெரிந்தால் போதும் என்று அவளுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. அப்போது அவளுக்கு டெமோ அக்கா என்ற பெயர் வந்திருக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒரு காய்ச்சலில் அவளுக்குக் கண் போனது. அதற்குப் பிறகு கூடப் பிறந்த அக்காதான் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, கேசட்டில் பதிந்து கொடுத்து, அவளைப் பொருளாதார முதுகலை வரை இழுத்துக்கொண்டு வந்தாள். படிக்கும்போது அக்காவுக்குக் கொட்டாவி வரும். கொட்டாவியும் கேசட்டில் இருக்கும். விலை ஏறினால் தேவை குறையும் என்ற விதியை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்கு முதலில் ஒரு நீளமான கொட்டாவிதான் கேட்கும்.

எல்லாப் பல்கலைக்கழகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பிரிவு வேண்டும், அதில் மாற்றுத்திறனாளி ஒருவராவது வேலை பார்க்க வேண்டும் என்று சட்டம் வந்த வருடம் அவளை எடுத்தார்கள். பிரிவு என்பது மாடிப்படிக்குக் கீழே, பழைய மின்விசிறிகளைப் போட்டு வைத்திருந்த அறை. மின்விசிறிகளை வெளியே எடுத்தார்கள், அவளை உள்ளே வைத்தார்கள். தலைக்கு மேல் நாள் முழுக்கச் செருப்புகள் ஏறும், இறங்கும்.

முதல் இரண்டு வருடம் அவள் உண்மையாகவே வேலை பார்த்தாள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். நூலகத்தில் இருந்த புத்தகங்கள் எல்லாம் போட்டோ பிடித்த பக்கங்கள். எழுத்து என்று ஒன்று உள்ளே இருந்தால்தானே குரல் படிக்கும்? விண்ணப்பப் படிவத்தில் பெயர் எழுதும் கட்டமும் ஊர் எழுதும் கட்டமும் ஒரே மாதிரி 'கட்டம்' என்றுதான் பேசின. எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தது: தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது.

அவள் கணவன் குளிர்சாதனப் பெட்டி, ஏசி ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தான். அவன் கேட்டான்: "உன் கருத்தையெல்லாம் கவனத்துல வச்சு வச்சு, இந்நேரம் அவங்க கவனம் வீங்கிப் போயிருக்குமே? டாக்டர்கிட்ட காட்டச் சொல்லேன்."

மூன்றாவது வருடம் புதிய போர்ட்டல் வந்தது. வகுப்பு, வருகைப் பதிவு, பரீட்சை எல்லாம் இனி அதற்குள்தான். அதில் பொத்தான்களை எல்லாம் அழகழகான படங்களாக வரைந்திருந்தார்களாம். படத்துக்குப் பின்னால் பெயர் எழுதத்தான் மறந்துவிட்டார்கள். ஸ்கிரீன் ரீடர் பாவம், தன்னால் முடிந்ததைச் சொன்னது: "பொத்தான். பொத்தான். பொத்தான்."

அவள் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

"சரி பண்ணிடலாம்," என்று காதருகே கத்தினார். "ஆனா வர்ற வாரம் நமக்குத் தரம் போடற ஆய்வுக் குழு வருது. அவங்க முன்னாடி ஒரு தடவ நீங்க போட்டுக் காட்டினா போதும்."

"எந்தப் பட்டன் எதுக்குன்னே தெரியல சார். எப்படிப் போட்டுக் காட்டறது?"

"அதுக்குத்தான நான் இருக்கேன்? டேப் கீயை ஒன்பது தடவ தட்டுங்க, ஒரு தட்டுக்கு ஒரு பட்டன் நகரும். என்டர். அப்புறம் நாலு. என்டர். அப்புறம் ஆறு, ஒரு வரி டைப் பண்ணுங்க, ரெண்டு, என்டர். முடிஞ்சுது."

பாட்டு வாத்தியார் மாதிரிப் பக்கத்தில் நின்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஒன்பது, நாலு, ஆறு, ரெண்டு. அவள் அதை ஒரு தாளமாகப் பிடித்துக்கொண்டாள். குழுவுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். 'பொத்தான், பொத்தான்' அவள் காதுக்குள் மட்டும் ஓடியது. வெளியே பார்த்தவர்களுக்கு, கண் தெரியாத பெண் ஒருத்தி சரசரவென்று பரீட்சைப் பக்கத்துக்குள் போய், பதில் எழுதி, சேமித்து, வெளியே வந்தாள்.

கைதட்டல் கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "இன்ஸ்பைரிங்," என்றது ஒரு குரல். "கண்ணுள்ள நாமெல்லாம் என்ன சாதிச்சோம்?" என்றது இன்னொன்று. அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் மாதக் கடைசி, வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டார்கள். குழு, அமைச்சக அதிகாரி, நன்கொடையாளர், வேறு பல்கலைக்கழகத்துக்காரர்கள். மாணவர்கள் டெமோ அக்கா என்று பெயர் வைத்தார்கள். படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஏசி வைத்த அறைக்கு மாற்றினார்கள். சுழல்கிற நாற்காலி கொடுத்தார்கள். பொத்தான்களுக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. டெமோதான் நன்றாக நடக்கிறதே, பிறகு எதற்கு?

அவளுக்கு இதில் வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு சுகம்கூட இருந்தது. இத்தனை பெரிய படிப்பாளிகளை நான்கு எண்ணை வைத்து ஏமாற்றுகிறோமே என்ற சுகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கணவன் கையில் ஒட்டிய கிரீஸைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், அன்றைய டெமோவை அவனுக்கு நடித்துக் காட்டுவாள். குரல் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இயக்குநரின் கத்தல், அதிகாரியின் தொண்டைக் கனைப்பு, நன்கொடையாளர் மனைவியின் மூக்கு உறிஞ்சல், டீ கொண்டுவருகிறவர் கப்பை வைக்கும்போது விடுகிற பெருமூச்சு என்று ஒருவரையும் விடமாட்டாள். அவன் சிரித்துச் சிரித்து இருமுவான். "டிக்கெட் போட்டு விக்கலாம்மா உன்னை," என்பான்.

இப்படியே ஓய்வு பெறுகிற வரைக்கும் ஓட்டியிருப்பாள், ரேடியோ வந்து சேராமல் இருந்திருந்தால்.

ரேடியோ புள்ளியியல் முதலாமாண்டு மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். காலையில் விடுதி அறையில் வாயைத் திறந்தால் இரவு தூங்கும்போதுதான் மூடுவாள் என்பதால் கூட இருந்தவர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு டெமோ அக்காவின் அறைக்கு வந்துவிடுவாள், ஏசிக்காக. டெமோ அக்கா இயக்குநரின் கத்தலைப் பண்ணிக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"அக்கா, இந்த ரூம்ல என்னதான் வேலை பாக்குறீங்க? கீபோர்டு சத்தமே கேக்கல?"

"உன்ன மாதிரி ஆளுங்களுக்குக் குளிர் காத்து குடுக்கறேன். போதாதா?"

"போதும் போதும். இன்னும் ரெண்டு பாயின்ட் குறைங்க."

புள்ளியியல் என்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர். பஸ் தாமதமாக வருவதற்கும் ஓட்டுநர் மாறுவதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டு வருவாள். அந்தத் துறையில் ஒரு விதி உண்டு: பருவத்தில் இரண்டு தேர்வு. இரண்டிலும் தோற்றவர்களை வேறு துறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதுவரை பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சையில் ரைட்டர் என்று ஒருவரைக் கொடுத்து வந்தார்கள். அவர் கேள்வியைப் படித்துச் சொல்லி, மாணவர் சொல்லும் பதிலை எழுதுவார். அந்த வருடம் அதை நிறுத்திவிட்டார்கள். போர்ட்டல்தான் எல்லோருக்கும் ஏற்றதாகிவிட்டதே.

முதல் தேர்வில் ரேடியோ தட்டுத் தடுமாறி, பக்கத்தில் காவலுக்கு நின்றவரைக் கேட்டு உள்ளே போய்விட்டாள். முதல் கேள்வியை எழுதினாள். இரண்டாவது கேள்வி, "கீழ்க்கண்டதைப் பார்த்து விடையளிக்க" என்று தொடங்கி, "படம்" என்று முடிந்தது. அது என்ன படம், வரைபடமா, வட்டமா, வகுப்பெடுக்கிறவர் முகமா, ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போனாள். அதைக் கேட்டு, மறுபடி கேட்டு, மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது போர்ட்டல் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. கொஞ்ச நேரம் மவுஸ் அசையவில்லை என்றால் மாணவர் எழுந்து போய்விட்டார் என்று அது எடுத்துக்கொள்ளுமாம். முடிவு வந்தபோது அவள் பெயருக்கு எதிரே மதிப்பெண்கூட இல்லை. 'வருகை இல்லை' என்று இருந்தது.

டெமோ அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு இயக்குநரிடம் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "மவுஸை அப்பப்ப ஆட்டிக்கிட்டே இருந்திருக்கலாமேம்மா?" என்றார்.

"எனக்கு மவுஸ் எதுக்கு சார்?" என்றாள் ரேடியோ.

"ஆட்டறதுக்குத்தான்."

அவர் தாம் ஒரு தீர்வைச் சொல்லிவிட்ட திருப்தியில் நாற்காலியைச் சாய்த்த சத்தம் கேட்டது.

"திங்கட்கிழமை ரெண்டாவது தேர்வு சார்," என்றாள் டெமோ அக்கா. "அதுக்கு மட்டும் பழையபடி ஒரு ரைட்டர் குடுத்துடுங்க."

"எப்படிக் குடுக்க முடியும்? போர்ட்டல் நூறு சதவீதம் எல்லாருக்கும் ஏத்ததுன்னு அறிக்கை குடுத்தாச்சு. இப்ப ரைட்டர் போட்டா அறிக்கை பொய்யாயிடாதா?" பிறகு ரேடியோ பக்கம் திரும்பி இன்னும் உரக்கக் கத்தினார். "மேடம் எவ்வளவு அசால்ட்டா போட்டுக் காட்டுறாங்க, தெரியுமா? உள்ள போறாங்க, எழுதறாங்க, வந்துடறாங்க. ரெண்டே நிமிஷம். அவங்களுக்கும் உன் மாதிரிதான் கண்ணு. உனக்குப் பயிற்சி பத்தலம்மா. முடியலன்னா வரலாறு எடுத்துக்கோயேன், நல்ல பாடம். படமே கிடையாது."

வராந்தாவில் சுவரை ஒட்டி நடந்தபோது ரேடியோ அதிசயமாக வாயை மூடிக்கொண்டு வந்தாள். தண்ணீர்க் குழாய் பக்கம் வந்ததும் நின்றாள்.

"நெஜமா நீங்க போட்டுக் காட்டறீங்களா?"

"ம்."

"எப்படிக்கா? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

டெமோ அக்கா சொன்னாள். ஒன்பது, நாலு, ஆறு, ரெண்டு. அந்தக் கணக்கு டெமோவுக்கென்று வைத்த மாதிரிப் பரீட்சைக்கு மட்டும்தான் வேலை செய்யும், உண்மையான பரீட்சையில் கேள்விக்குக் கேள்வி மாறும் என்றும் சொன்னாள். ஹெட்போன் விஷயத்தையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, வீட்டில் இவ்வளவு சிரிப்பாக இருந்தது இங்கே ஏன் இப்படி இருக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"அவ்வளவுதானா?" ரேடியோ சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "நான் பாருங்க, விடுதில உங்க டெமோவைப் பத்திப் பேசிக்கிட்டதக் கேட்டு, உங்களுக்கு என்னவிட மூளை அதிகம்னு நெனச்சு ராத்திரியெல்லாம் அழுதுட்டேன்."

"ஏய், அந்த மடையனுங்களப் பத்தி உனக்குத் தெரியாது. நான் எழுதி எழுதிப் போட்டுப் பாத்துட்டுத்தான்..."

"அவர் மேல எனக்குக் கோபம் இல்லக்கா. அவருக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏசில உக்காந்துக்கிட்டு அவங்களைக் கிண்டல் பண்ணிட்டிருந்தீங்க. நானும் கூட உக்காந்து சிரிச்சேன் பாருங்க, அதைச் சொல்லணும்." கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "என்னை அடிச்சுத் தொரத்த அவர் எடுத்த கட்டை நீங்கதான். வரேன்."

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. ஏசி மட்டும் தனக்குத்தானே உறுமிக்கொண்டிருந்தது.

இயக்குநரைப் பார்த்த அன்று சாயங்காலமும் டெமோ அக்கா வழக்கம்போல நடித்துக் காட்டத்தான் செய்தாள். 'ஆட்டறதுக்குத்தான்' என்ற இடத்தில் கணவன் தொடையில் தட்டிச் சிரித்தான். 'படமே கிடையாது' என்றபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"அப்புறம் அந்தப் பொண்ணு?" என்றான்.

"அந்தப் பொண்ணுக்கென்ன?"

"இல்ல, அவ என்ன சொன்னான்னு நீ பண்ணிக் காட்டலியே. எப்பவும் எல்லாரையும் பண்ணுவே. டீ கொண்டுவர்றவரைக்கூட விடமாட்டே."

"அவ ஒண்ணும் சொல்லல."

"ரேடியோ ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு, அவள் முகத்தில் என்ன கண்டானோ, காய்ந்த துணிகளை மடிக்க எழுந்து போய்விட்டான்.

அவள் வாய்க்குள்ளேயே முயன்று பார்த்தாள். 'தெரிஞ்சும் ஏசில உக்காந்துக்கிட்டு.' வரவில்லை. எத்தனையோ பேருடைய குரலைத் திருடியவளுக்கு அந்த ஒரு குரல் தொண்டைக்குக் கீழேயே நின்றுகொண்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை, அந்த வருடத்து ஆய்வுக் குழு வந்தது. காலையிலேயே இயக்குநர் அவள் அறைக்கு ஓடி வந்தார். வாசனைத் திரவியம் இரண்டு மடங்கு.

"உங்களுக்கு ஒரு சந்தோஷமான விஷயம். போர்ட்டல்ல புதுசா ஒரு பட்டன் வாங்கிப் போட்டிருக்கோம். மாற்றுத்திறனாளிகளுக்குன்னே ஸ்பெஷல். சக்கர நாற்காலி படம் போட்டிருக்கு. அமுக்கினா எழுத்து பெருசாகும், கலர் மாறும்."

"எனக்கு எழுத்து பெருசாகி என்ன சார் ஆகப்போகுது?"

"அப்படிச் சொல்லாதீங்க, உங்களுக்காகவே வாங்கினது." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது, அதாவது மற்றவர்கள் பேசுகிற அளவுக்கு. "ஒரே ஒரு விஷயம். அது எல்லாத்துக்கும் முன்னாடி வந்து உக்காந்துடுச்சு. அதனால மொதல்ல ஒன்பது இல்ல, பத்து. ஞாபகம் இருக்கட்டும். பத்து!"

பார்வையற்றவர்களுக்கென்று வாங்கிய பொத்தான், பார்வையற்றவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே வழியையும் கெடுத்துவிட்டது. இதைச் செய்ய ஒரு தனி அறிவு வேண்டும், அது இந்தக் கட்டடத்தில் தாராளமாகக் கிடைக்கிறது என்று அவள் நினைத்தாள். வழக்கமாக அந்த இடத்தில் உள்ளுக்குள் சிரிப்பு கிளம்பும், சாயங்காலத்துக்கு ஆயிற்று என்று அதை எடுத்து வைத்துக்கொள்வாள். இன்றைக்கும் கிளம்பியது. ஆனால் சாயங்காலம் இதை நடிக்கும்போது மறுபடி ஒரு குரலை விட்டுவிட்டுத்தான் நடிக்க வேண்டும் என்பதும் கூடவே வந்தது.

"பத்து," என்றாள். "சரி சார்."

கூட்ட அறையில் குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் ஒரு பெண், கை அசையும்போதெல்லாம் வளையல் பேசியது. மற்றவர்கள் பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார்கள். மாதிரி மாணவர் பெயரில் போர்ட்டலை ஏற்கெனவே திறந்து வைத்துவிட்டு, அவளை உட்காரவைத்து, ஹெட்போனைத் தலையில் கவிழ்த்தார்கள்.

இயக்குநர் பேச ஆரம்பித்தார். இருளில் ஒளி என்றார். கண்ணிழந்தோர்க்குக் கண்ணாய் எங்கள் போர்ட்டல் என்றார். யாரையும் விட்டுவிடாத வளாகம் என்றார். அவர் சொல்லச் சொல்ல யாரோ கொட்டாவி விட்டார்கள். அவளுக்கு அக்காவின் கேசட் நினைவு வந்தது. விலை ஏறினால் தேவை குறையும்.

"இப்ப மேடம் போட்டுக் காட்டுவாங்க," என்றார்.

டெமோ அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கம்பியைத் தடவிக்கொண்டே போய்ச் சொருகியிருந்த இடத்தில் பிடுங்கினாள். டேப் விசையை ஒரு தடவை தட்டினாள்.

"பொத்தான்," என்றது கணினி, அறை முழுக்க.

மறுபடி தட்டினாள். "பொத்தான்." மறுபடி. "பொத்தான்." மறுபடி. "பொத்தான்."

"அம்மா, ஹெட்போன்! ஹெட்போன்!" என்றார் இயக்குநர்.

"குழுவும் கேக்கட்டும் சார். எனக்கு மட்டும் கேட்டு என்ன பிரயோஜனம்?" டேப். "பொத்தான்."

வளையல் நின்றது. "ஏன் எல்லாத்துக்கும் ஒரே பேரு?" என்று தலைவர் கேட்டார்.

"அது வந்து மேடம்," என்றார் இயக்குநர், "வேற வேற பேரா இருந்தா அவங்களுக்குக் குழப்பம் வரும்னுட்டு..."

யாரோ ஒருவருக்குப் பிஸ்கட் புரையேறியது.

"இதுல பரீட்சை எழுதறது எந்தப் பட்டன் சார்?" என்று அவள் கேட்டாள். "எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா தெரியாது. நேத்து வரைக்கும் ஒன்பது தட்டணும். இன்னைக்குப் பத்து. காலைலதான் சார் சொன்னாரு. நான் இதைப் படிச்சதே இல்ல மேடம், எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். இதுக்கு முன்னாடி வந்தவங்கல்லாம் கை தட்டினது அதுக்குத்தான்."

"டென்ஷன்ல இருக்காங்க," என்றார் இயக்குநர். "டேப்பை விட்டுடுங்க, நான் வேற..."

அப்போது கணினி, யாரும் கேட்காமலேயே, அதே மரியாதைக் குரலில் பேசியது: "நீங்கள் செயலற்று இருப்பதால் வெளியேற்றப்படுகிறீர்கள்."

இயக்குநர் அவ்வளவு நேரம் இருளையும் ஒளியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மவுஸை ஆட்ட ஆள் இல்லை.

"இதுதான் நடந்தது," என்றாள் டெமோ அக்கா. "புள்ளியியல்ல ஒரு பொண்ணு. முதல் தேர்வுல நடுவுல இப்படித்தான் வெளிய தள்ளுச்சு. வரவே இல்லன்னு போட்டுட்டாங்க. திங்கட்கிழமை ரெண்டாவது. அதுலயும் போச்சுன்னா துறையை விட்டே அனுப்பிடுவாங்க. ரைட்டர் கேட்டோம். குடுக்க மாட்டேங்கறாங்க. ஏன்னா நான் ரொம்ப நல்லா போட்டுக் காட்டிட்டேன்."

எல்லோருக்கும் வெட்கமாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அடுத்த அறையில் தட்டுகளை அடுக்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரைட்டர் குடுக்கறதுல என்ன கஷ்டம்?" என்றார் தலைவர்.

"ஒரு கஷ்டமும் இல்ல மேடம். நாங்களே அப்படித்தான் யோசிச்சுட்டிருந்தோம்."

"முதல் தேர்வையும் மறுபடி வைக்கணும்," என்றாள் டெமோ அக்கா. "இப்பவே அறிக்கையில எழுதிடுங்க. இவர் அப்புறம் கவனத்துல வச்சுடுவாரு."

"அதையும் எழுதுங்கப்பா, நேரமாச்சு," என்று தலைவர் நாற்காலியைத் தள்ளினார்.

குழுவில் இன்னொருவர் வாய் நிறையப் பிஸ்கட்டோடு ஒரு வழி கண்டுபிடித்தார். "தொழில்நுட்பத்தோட மனிதநேயத்தையும் சேர்த்து வழங்கும் வளாகம். இப்படிப் போட்டுக்கலாமா?"

"அருமை. அதையே போடுங்க," என்று தலைவர் சொல்ல, வளையல் சாப்பாட்டு அறைப் பக்கம் நகர்ந்தது. இயக்குநரின் மூச்சு திரும்பி வந்தது. அந்த வருடமும் பல்கலைக்கழகத்துக்கு முதல் தரம்தான் கிடைத்தது. முன்பு கிடைத்ததைவிட ஒரு பாராட்டு கூடுதலாக.

அடுத்த வாரமே அவளைப் படிக்கட்டுக்கு அடியில் கொண்டு வைத்தார்கள். சுழல்கிற நாற்காலி ஏசி அறையோடு நின்றுவிட்டது. இதற்குள் அந்த அறையில் மறுபடி மின்விசிறிகளைப் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை அவற்றை எடுக்கவில்லை, ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார்கள். இயக்குநர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் காதுக்கு அது சம்பள உயர்வு மாதிரி இருந்தது. மறுபடி எழுதி அனுப்ப ஆரம்பித்தாள். பொத்தான் ஒன்று: பெயர் இல்லை. பொத்தான் இரண்டு: பெயர் இல்லை. பதில்கள் வந்தன, பழைய வாக்கியத்திலேயே.

ரேடியோ இரண்டு தேர்வையும் ரைட்டரை வைத்து எழுதினாள். வந்த ரைட்டர் சூத்திரத்தில் இருந்த கிரேக்க எழுத்தைக் கண்டதும் "ஏதோ கொக்கி மாதிரி இருக்கு" என்றாராம். எந்தப் பக்கம் வளைந்த கொக்கி என்று கேட்டு எழுதியிருக்கிறாள். மதிப்பெண்ணில் முதல் ஆள் இல்லை, கடைசி ஆளும் இல்லை. துறையில் இருக்கிறாள். அது போதும்.

ஒரு மதியம் படிக்கட்டுக்கு அடியில் கோல் தட்டும் சத்தம் வந்தது. ரேடியோ உள்ளே வந்து ஒரு மின்விசிறியில் முழங்காலை இடித்துக்கொண்டு, திட்டிவிட்டு, உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒன்றும் பேசவில்லை.

"இத்தனை ஃபேன் இருக்கு. ஒண்ணாவது ஓடுதா?"

"ஓடினா இங்க எதுக்குப் போடறாங்க?"

"அதுவும் சரி." கொஞ்சம் மென்றாள். "அக்கா, வாசல்ல பெரிய டிவி வச்சிருக்காங்களாம். அதுல நாள் முழுக்க நீங்கதானாம்."

"நானா?"

"பழைய டெமோ ஒண்ண யாரோ வீடியோ எடுத்து வச்சிருந்தாங்களாம். இனிமே குழு வந்தா அதத்தான் போடுவாங்களாம். நேர்ல ஆள் வேண்டாமாம்."

"சத்தம் கேக்குதா அதுல? பொத்தான், பொத்தான்னு?"

"இல்ல, புல்லாங்குழல் வாசிக்குது. நானே நின்னு கேட்டேன்."

"நல்லா இருக்கேனாமா?"

"என்னைக் கேட்டா?" என்றாள் ரேடியோ. "போறவங்க வர்றவங்க எல்லாம் இன்ஸ்பைரிங்னு சொல்லிட்டுப் போறாங்க. ஒருத்தர் கண்ணாடி மேப்பைக் கீச்சு கீச்சுன்னு தடவிட்டே சொன்னாரு."

இருவரும் சிரித்த சிரிப்பில் மேலே ஏறிக்கொண்டிருந்த செருப்பு ஒன்று நின்று, பிறகு ஏறியது.

சாயங்காலம் வீட்டில் டெமோ அக்கா முதலில் புல்லாங்குழலை வாசித்துக் காட்டினாள். பிறகு கண்ணாடியைத் தடவியவர். பிறகு தொண்டையைச் சரி செய்துகொண்டு, இல்லாத கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இத்தனை ஃபேன் இருக்கு. ஒண்ணாவது ஓடுதா?"

கணவன் துணி மடிப்பதை நிறுத்தினான். "இது யாரு, புதுசா இருக்கு?"

"இரு," என்றாள் அவள். "இன்னும் இருக்கு. தண்ணிக் குழாய்கிட்ட நின்னு சொன்னது ஒண்ணு பாக்கி இருக்கு. அதுக்கு நீ சிரிக்கக் கூடாது."